மேகத்துக்குள் மலை

என் மகள் விமானம் ஓட்டுகிறாள் என்று யாரிடமாவது சொன்னால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் என் சேலையைப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் எட்டாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரருக்குத் திண்டுக்கல் மார்க்கெட்டில் வாழை இலைக் கடை. செம்பட்டிப் பக்கம் இருந்த தென்னந்தோப்பை விற்றுத்தான் அவளை அந்தப் படிப்புப் படிக்க வைத்தோம். விற்ற அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் முதல் தடவை வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கப் பட்டையுமாக வந்து நின்றபோது இவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சட்டை கொஞ்சம் லூசா இருக்கு" என்றார். அவருக்கு அவ்வளவுதான் பேச வரும்.

விமானத்தில் முன்னால் இரண்டு பேர் உட்காருவார்களாம். இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் துணை விமானி. என் மகள் வலது பக்கம். கிளம்பும் முன் எனக்கு போனில் "கிளம்புறேன்" என்று ஒரு வார்த்தை அனுப்புவாள். இறங்கினதும் "இறங்கிட்டேன்" என்று இன்னொன்று. முதல் வார்த்தை வந்ததும் நான் சாமி மாடத்தில் பழனி முருகன் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றுவேன். இரண்டாவது வார்த்தை வரும்வரை அது அணையக் கூடாது. சில நாள் அவள் ஒரே நாளில் மூன்று நான்கு ஊர் போய் வருவாள். நானும் அடுப்படிக்கும் மாடத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். திரியைத் தூண்டுவதும் எண்ணெய் விடுவதும் போனை எடுத்துப் பார்ப்பதுமாகவே பொழுது போய்விடும்.

பயம் என்று சொல்ல மாட்டேன். பயம் முதல் வருஷத்தோடு போய்விட்டது. இது அசதி. "முருகா, நீ பார்த்துக்கோ" என்று சொன்னால் பாரம் இறங்க வேண்டும். நான் இறக்கி வைத்த செத்த நேரத்தில் மறுபடி போய் நானே தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். சாமியை நம்பாததால் இல்லை. தூக்கித் தூக்கித் தோள் பழகிப்போய்விட்டது.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கிளம்பிப் படி இறங்கின ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டால், போன ஆள் திரும்ப வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சாமியை நினைத்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் நிறைய வீட்டில் இது உண்டு. ஆனால் என் வீட்டுக்காரர் அளவுக்கு யாரும் பிடிவாதம் இல்லை. வேடசந்தூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, அடுத்த வீட்டில் இருக்கிற அவர் தங்கச்சி, "அண்ணே, செருப்பை மாத்திப் போட்டிருக்க" என்று கத்திவிட்டாள். மனிதர் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, கண்ணை மூடி, நிதானமாகக் கிளம்பினார். நாங்கள் போனபோது பந்தியே பாதி முடிந்திருந்தது. "எங்கண்ணன் தாலி கட்டுறதை நேர்ல பாத்தது அவரு கல்யாணத்துல மட்டுந்தான் மதினி" என்று என் நாத்தனார் இன்றைக்கும் சொல்லுவாள்.

மகளுக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏம்ப்பா, ஏரோப்ளேன்ல பின்னாலருந்து யாராச்சும் கூப்பிட்டா நானும் திருப்பிக் கொண்டாந்து, உக்காந்து, தண்ணி குடிக்கவா?"

"குடிச்சா என்னா? கொறஞ்சா போயிருவ?" என்பார் அவர்.

அதனால் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போனால், சத்தம் போடாமல் சந்து வழியாக ஓடி, ஆளுக்கு முன்னால் போய் நின்று கொடுப்போம். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு நான் எத்தனை தடவை ஓடியிருப்பேனோ, கணக்கில்லை. அப்போது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்டது.

அன்றைக்கு ஐப்பசி அடைமழை. காலையில் "கிளம்புறேன்" வந்தது. விளக்கை ஏற்றினேன். உளுந்தை ஊறப் போட்டேன், எடுத்து ஆட்டினேன், கொடியில் கிடந்ததை உள்ளே மாற்றிப் போட்டேன். "இறங்கிட்டேன்" வரவில்லை. கூப்பிட்டால் போன் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. விளக்கில் எண்ணெய் விட்டேன். இன்னொரு தடவை விட்டேன். கடைக்குப் போன் போட்டு இவரிடம் சொல்லலாமா என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். சொன்னால் அவரும் இதைத்தான் செய்யப் போகிறார். ஒரு வீட்டில் ஒருத்தர் செய்தால் போதும்.

கடைசியில் வந்தது. "இறங்கிட்டேன். வேற ஊர்ல. நல்லா இருக்கேன். அப்பறம் பேசுறேன்." அதைப் படித்துவிட்டு மாடத்துக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்தேன். 

மறுநாள் மத்தியானமே இவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். உடம்புக்கு முடியாத நாளில்கூடச் சாயங்காலம் வரை இருக்கிற மனிதர். இலை வாங்க வந்த ஓட்டல்காரப் பையன் ஒருத்தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறான். விமானத்துக்குள்ளே யாரோ எடுத்தது. ஜன்னலில் வெறும் வெள்ளை மேகம். திடீரென்று இஞ்சின் உறுமுகிற சத்தம், ஆட்கள் முன்னும் பின்னும் சாய்கிறார்கள், ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. அப்புறம் மேலே போன பிறகு ஒரு பெண் குரல், மன்னிக்க வேண்டும், இறங்க முடியவில்லை, வேறு ஊருக்குப் போகிறோம் என்று இங்கிலீஷில் சொல்கிறது. அது என் மகள் குரல். எடுத்தவன் பக்கத்தில் இருப்பவனிடம், "லேடி பைலட்டாம், அதான்" என்கிறான். வீடியோவுக்குக் கீழே ஊரில் இருக்கிற எல்லாரும் தங்கள் புத்தியை எழுதி வைத்திருந்தார்கள். சமையலறையிலேயே இருந்திருக்கலாம் என்று ஒருத்தன். இரண்டு மூன்று படித்துவிட்டு நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். இவர் கைகால் கழுவாமல் ஈர வேட்டியோடு அப்படியே நாற்காலியில் இருந்தார்.

"அந்தப் பையனுக்கு அது நம்ம பாப்பான்னு தெரியாது. சிரிச்சுக்கிட்டே காமிக்கிறான்" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இலையக் கட்டிக் குடுத்தேன்."

ஓரிரு நாளில் அவளே வந்துவிட்டாள். விமானத்தில் பதிவாகி இருப்பதையெல்லாம் எடுத்துப் பார்த்து முடிக்கும்வரை கேப்டனும் அவளும் பறக்க வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம். வந்தவள் தூங்கினாள். எழுந்தாள், முகம் கழுவினாள், மறுபடி தூங்கினாள். அவளுக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய் வெஞ்சனம் வைத்தேன். தட்டில் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டாள்.

நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள், எல்லாம் வெளியேதான். வாசலில் நுழையும்போதே ஆரம்பித்தாள்.

"ஏண்டி, இறங்கச் சொன்னா ஏறிட்டியாமுல்ல? ஊரே சிரிக்குது."

"ஆமா அத்தை. ஏறினதுனாலதான் இங்க வந்து நீங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

நாத்தனார் கொண்டுவந்த முறுக்குத் தூக்கை மேஜையில் வைத்தாள். "வாயப் பாரு, அப்பிடியே அண்ணன் மாதிரி" என்று சொல்லிவிட்டு அவள் தலையைத் தடவினாள். அப்புறம் அடுப்படிக்கு வந்து என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். "அம்புட்டு உசரத்துல எம்பிள்ள எப்பிடி இருந்தாளோ மதினி." நான் அழவில்லை. எனக்கு அழக்கூட அசதியாக இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் மொட்டை மாடியில் மிளகாயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளும் மேலே வந்தாள். கிழக்கே சிறுமலை இருக்கிற இடம் முழுக்க மேகம். அங்கே மலை இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். புதிதாக வந்தவர்கள் வெறும் வானம் என்று நினைப்பார்கள். நான் வழக்கம்போல அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். எந்த மலையைக் கண்டாலும் எனக்குக் கை கூப்பத்தான் தோன்றும். மலை என்றால் முருகன் இருக்கிற இடம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பிடித்தாம்மா இருந்துச்சு" என்றாள்.

நான் மிளகாயைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள் என்று பட்டது.

"சுத்தி மலை இருக்கிற ஊரு. கேப்டன் சார் ஓட்டுறாரு. பக்கத்துல இருந்து உசரம், வேகம் எல்லாத்தையும் பாத்துச் சொல்லிக்கிட்டே வரணும், அதான் என் வேலை. மேகத்துக்குள்ள இறங்கிக்கிட்டு இருக்கோம். விமானத்துல ஒரு மிஷின் இருக்கு. கீழ இருக்கிற மலை மேடு எல்லாம் அதுக்குள்ள படமா இருக்கும். மலைக்கு ரொம்பக் கிட்டப் போனா அதுவே சத்தம் போடும். ஆம்பளக் குரல். மொதல்ல மலை, மலைங்கும். அப்பறம் மேலே இழு, மேலே இழுங்கும். இங்கிலீஷ்ல."

"அது பொய் சொல்லாதா?"

"சில நேரம் காரணமே இல்லாமக் கூடக் கத்தும். வெயில்ல, மலை கண்ணு முன்னால தெளிவாத் தெரியுதுன்னா அது வேற. மேகத்துக்குள்ள கத்துச்சுன்னா நெசமா பொய்யான்னு யோசிக்கவே கூடாது. அந்த நிமிசம் இறங்குறதை விட்டுட்டு, முழு சக்தியும் குடுத்து, மூக்கை மேல தூக்கி ஏறிறணும். பத்திரமான உசரத்துக்குப் போனப்பறம்தான் பேச்சு. சார் அப்பிடியே பண்ணாரு. கை செத்தகூட நடுங்கல. இன்னொரு தடவை சுத்தி வந்து பாக்கலாமான்னு யோசிச்சோம். மழை விடல. வேற ஊருக்குப் போயிட்டோம்."

"அதான் நல்லா வந்துட்டீங்கள்ல. முருகன் காப்பாத்திட்டான்."

"காப்பாத்துனான்மா. நான் இல்லைங்கல." அவள் கைப்பிடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டாள். "நான் எதுக்கு அந்தச் சீட்டுல இருந்தேன்?"

எனக்கு விளங்கவில்லை.

"மிஷின் கத்துறதுக்கு மொதல்லயே எனக்குத் தெரிஞ்சிருச்சும்மா. இந்த இடத்துல இருக்க வேண்டிய உசரம் இது இல்ல, கம்மியா இருக்குன்னு. வாயைத் தொறந்தேன். சாருக்கு என் வயசளவு சர்வீஸு. அவருக்குத் தெரியாததா, ஏதோ காரணம் இருக்கும், நாம சொன்னா தப்பா எடுத்துக்குவாரோன்னு மூடிக்கிட்டேன். ஒரு மூச்சு நேரந்தான். அதுக்குள்ள மிஷின் சொல்லிருச்சு. நான் சொல்லியிருக்கணும்."

"ஒரு மூச்சு நேரம்தானே தாயி."

"அந்த வேகத்துல ஒரு மூச்சு எம்புட்டுத் தூரம்னு உனக்குத் தெரியாதும்மா."

இதை அவளே கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை. அவள் வாய் திறந்து மூடினது எந்தப் பதிவிலும் இருக்காது. ஆனாலும் எழுதிவிட்டாள்.

"சார் என்ன சொன்னாரு?"

"இறங்கினப்பறம் ரொம்ப நேரம் சீட்டுலயே உக்காந்திருந்தாரு. அப்பறம், முந்தியே உசரத்தைக் குறைச்சது என் தப்பு, அடுத்த தடவை சத்தமாச் சொல்லுன்னாரு. கோவமாச் சொல்லல. அதுதாம்மா தாங்க முடியல."

 சிறுமலை மேல் மேகம் அப்படியே இருந்தது. எத்தனை வருஷமாகக் கும்பிடுகிற மலை. அதற்குள் ஒரு விமானம் வழி தெரியாமல் வருவதை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. மிஷின் மலை என்று கத்தியதும் இருவரும் செய்தது சரிதான். அதற்கு முன்னால் நடந்ததற்குத் திரும்பப் பயிற்சி. நிஜ விமானம் மாதிரியே செய்து வைத்திருக்கிற ஒரு கூண்டில் உட்கார வைத்து, அதே மேகம், அதே மலை, அதே சத்தம் எல்லாம் வரவைப்பார்களாம். அதில் தேறினால் பழையபடி பறக்கலாம். சென்னைக்கு இன்ன நாள் காலையில் வர வேண்டும் என்று இருந்தது; இங்கிருந்து முந்தின நாளே ரயில் ஏற வேண்டும். படித்துவிட்டு, "யோசிக்கணும்மா" என்றாள். படிப்பு முடித்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் வேலையைப் பற்றிச் சொன்னதே இல்லை.

இதற்கு நடுவில் நெய்க்காரப்பட்டிக்காரர்கள். ஆறேழு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம். மாப்பிள்ளை கோயமுத்தூரில் வேலை, நல்ல குடும்பம், பேச்சில் மரியாதை வழியும். பையனின் அம்மா போன் செய்தார்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? அந்த வீடியோ நாங்களும் பார்த்தமுங்க. பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலைங்களே?"

"இல்லீங்க, நல்லா இருக்கா."

"பையன் ஒண்ணும் சொல்லலீங்க. எங்க வீட்டுக்காரருக்குத்தான் மனசு ஒப்பலீங்க. கல்யாணத்துக்கப்புறம் இந்த வேலை எதுக்குங்க? கோயமுத்தூர்ல காலேஜ்ல பாடம் சொல்லிக் குடுக்கலாமுங்களே. நீங்க பொண்ணுகிட்டப் பேசிப் பாருங்க."

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னதை நானே எத்தனை இரவு நினைத்திருப்பேன். விளக்கு ஏற்ற வேண்டாம். போனைப் பார்க்க வேண்டாம். மழை பெய்தால் மழை பெய்கிறது என்று மட்டும் நினைக்கலாம். சாயங்காலம் சாமி மாடத்துக்கு முன்னால் நின்றேன். அவள் போக வேண்டும் என்று கேட்கவில்லை. போகக் கூடாது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்காமல் விபூதி மட்டும் பூசிக்கொண்டு வந்தேன். ஆனால் அவனுக்குத் தெரியாதா என்ன.

அவளிடம் நெய்க்காரப்பட்டிப் பேச்சைச் சொன்னேன். ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"நீ என்னம்மா சொல்ற?"

"நான் என்னத்தச் சொல்ல. எனக்கு அசதியா இருக்கு பாப்பா."

அவள் என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாகப் படுத்ததைவிட எடை கூடித்தான் போயிருந்தாள். கால் மரத்துப்போனாலும் எடுக்கவில்லை.

ரயில் ஏற வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். கையில் கழுத்தில் மாட்டுகிற கம்பெனி அட்டையும், விமானம் ஓட்டும் உரிமத்தை வைத்திருக்கிற சின்ன உறையும். இவை இல்லாமல் பயிற்சி நடக்கிற இடத்தில் வாசலைக்கூடத் தாண்ட விட மாட்டார்கள்.

"இதைச் சாமிகிட்ட வைம்மா" என்றாள்.

எங்கள் வீட்டில் எல்லாமே மாடத்துக்குப் போய்த்தான் வரும். பரீட்சைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, வெள்ளிக்கிழமை தோறும் கடைச் சாவி. இவள்தான், "சாமி என்ன செக்கிங் ஆபீசராம்மா?" என்று கேலி பண்ணுவாள். அன்றைக்கு அவளாகவே கொடுத்தாள். நான் முருகன் காலடியில் வைத்து, விபூதி தூவி, மேலே ஒரு கதம்பத் துண்டையும் வைத்தேன்.

"பயமாத்தாம்மா இருக்கு. அந்தச் சத்தம் திரும்பக் கேக்கணும். கேக்குறதுக்கு முந்தி நான் பேசுறனான்னு பாக்கணும். பாத்துட்டு வாரேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

காலையில் இட்லி அவிக்கிற அவசரம். ஆட்டோ வந்து நின்றது. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். அவள் என் காலில் விழுந்து எழுந்தாள், விபூதி இட்டேன். எதிரே ஒரு சுமங்கலி வர வேண்டும் என்று நாத்தனார் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் வந்து நின்றாள். குடம் நிறைய இருந்ததால் வாய் மட்டும் மூடியிருந்தது. மகள் படி இறங்கினாள். ஆட்டோவில் ஏறினாள். நான் விளக்கைப் பார்க்க உள்ளே திரும்பினேன்.

கதம்பத்துக்கு அடியில் அட்டை இருந்தது. உறையும் இருந்தது.

எடுத்துக் கொடுக்க வேண்டியவள் நான்தான். இட்லிக் கொப்பரையைப் பார்க்கப் போனதில் மறந்துவிட்டேன். அவளும் மறந்துவிட்டாள்.

ஆட்டோ உறுமுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் எனக்குள் என்னவெல்லாம் ஓடியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். சந்து வழியாக ஓடி முன்னால் நிற்க இந்த முழங்காலுக்குத் தெம்பில்லை, அதற்குள் வண்டி முனையைத் தாண்டிவிடும். பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. அதுவும் இப்படிப்பட்ட காரியத்துக்குப் போகிறபோது. அப்படியானால் சும்மா இருந்துவிடலாம். அவள் சென்னை போய் இறங்கிப் பையைத் துழாவுவாள். நாள் தவறிவிடும். ஒருவேளை அத்தோடு விட்டுவிடுவாள். அட்டை அவன் காலடியில் கிடக்கிறது, அவன்தான் பிடித்து வைத்துக்கொண்டான் என்று நான் நினைத்துக்கொள்ளலாம். முருகன் படத்தைப் பார்த்தேன். அவன் பாட்டுக்கு வேலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு மூச்சு நேரம்தான். அது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"பாப்பா! நில்லு! பாப்பா!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. நாத்தனாரின் குடம் தளும்பிவிட்டது. "போச்சு! மதினி கூப்பிட்டுருச்சு!" என்றாள். ஆட்டோ குலுங்கி நின்றது. இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணம் ஆன நாளாக அப்படிப் பார்த்ததில்லை. நான் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். மகள் இறங்கி நின்றாள், கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"குடும்மா, சீக்கிரம்" என்று கையை நீட்டினாள்.

"எங்க குடு? உள்ள வா" என்றார் இவர். "வந்து உக்காரு."

"அப்பா, ரயிலு!"

ஆட்டோக்காரரும், "ஐயா, ரயில்வே கேட் போட்டுருவாங்க" என்றார்.

"ரயிலு போனா பஸ்ல போகட்டும். உங்களுக்கும் தண்ணி வேணுமா? வாங்க, உக்காருங்க."

அவள் உள்ளே வந்தாள். பழைய நாளாக இருந்தால் வாசலிலேயே நின்று சண்டை போட்டிருப்பாள். வந்து, மாடத்துக்கு எதிரே இருக்கிற முக்காலியில் உட்கார்ந்தாள். நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன்.  அவள் டம்ளரை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"பின்னாலருந்து கூப்பிட்டுட்டியேம்மா."

"ஆமா. கூப்பிட்டுட்டேன்."

"சும்மா விட்டிருந்தா நான் திரும்பி வந்திருப்பேன்ல. உனக்கு நிம்மதியா இருந்திருக்கும்ல."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா.

"குடி" என்றேன்.

குடித்தாள். கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருந்தாள். சாமியைத்தான் நினைத்தாளா, அந்த மேகத்தை நினைத்தாளா, நான் கேட்கவில்லை. அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கழுத்தில் மாட்டினாள். விபூதி சட்டையில் உதிர்ந்தது. தட்டப் போன கையை நிறுத்திவிட்டாள்.

வாசலில் நாத்தனார் மறுபடி குடத்தை நிரப்பிக்கொண்டு தயாராக நின்றாள். "ஏண்டி, இந்தத் தடவையாச்சும் ஒழுங்காக் கிளம்பு. எனக்கு இடுப்பு ஒடியுது" என்றாள். மகள் சிரித்தாள். வீட்டுக்கு வந்த நாளாக அன்றைக்குத்தான் சிரித்தாள்.

செத்த நேரத்தில் போனில் வந்தது: "ஏறிட்டேன்." கேட்டில் ஐந்து நிமிஷம் நின்றார்களாம், ரயிலும் தாமதமாம். "பாத்தியா?" என்று இவர் என்னிடம் சொல்லிவிட்டு இலைக் கட்டு வரும் நேரம் என்று கடைக்குப் போனார். 

அவள் தேறினாள், இப்போது பறக்கிறாள். நெய்க்காரப்பட்டியில் பையன் மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான், பெரியவர்கள் பேசவில்லை. என்ன ஆகும் என்று தெரியாது. நான் இன்னமும் விளக்கை ஏற்றுகிறேன், இன்னமும் தோள் வலிக்கிறது. சிறுமலை மேகத்துக்குள் போகிற நாளில் மாடிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, நீ இருக்கிற இடத்தை அவளுக்குக் காட்டு என்று கேட்கிறேன். காட்டாவிட்டாலும் அவள் கேப்டனிடம் சொல்லிவிடுவாள்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. இட்லி ஒரு ஈடு கொப்பரையிலேயே ஆறிக் கிடந்தது. முக்காலிக்குப் பக்கத்தில் டம்ளரில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து அதை நான் குடித்தேன்.